பிசுபிசுத் தண்ணீர்

படகுக்குள் தண்ணீர் வந்தால் எங்கள் வீட்டில் யாரும் பதறமாட்டார்கள். அந்தமானின் லாங் ஐலண்டில் படகு வைத்திருக்கிற வீடுகளில் அது அன்றாடம் நடப்பதுதான். மழை பெய்தால் வரும், அலை அடித்தால் வரும், இன்ஜினிலிருந்து விசிறிக்குப் போகிற இரும்புத் தண்டு கடலுக்குள் இறங்கும் இடத்தில் சொட்டுச் சொட்டாக எப்போதும் வந்துகொண்டிருக்கும். பெரியப்பா காலையில் போய் நடுப்பலகையைத் தூக்குவார். படகின் அடிவயிற்றில் தேங்கியதைக் கைப்பம்பால் இறைத்துக் கடலிலேயே விட்டுவிட்டு, பல் குச்சியை மென்றபடி வீட்டுக்கு வருவார்.

ஆனால் சித்தப்பாவின் கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது படகின் அடியில் வந்தது வேறு மாதிரி இருந்தது. அது ஒட்டியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பெரியப்பா வழக்கம்போலப் பலகையைத் தூக்கி, அடியில் இறங்கி நின்று பம்பை அடித்தார். நான் கரைப்பக்கப் பலகையில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தேன். இறைத்து முடித்துவிட்டு ஒரு காலைத் தூக்கினார். கால் வந்தது, செருப்பு வரவில்லை. குனிந்து செருப்பைப் பிடுங்கினார். 'பச்' என்று ஒரு சத்தம் கேட்டது. விரலால் தொட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பழுப்பு மஞ்சளாக ஒன்று விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே நூலாக நீண்டது.

"என்னடி இது?" என்று என்னைக் கேட்டார். எனக்கு அப்போது பத்து வயது. இந்த மாதிரிக் கேள்விகளுக்கு என்னிடம் எப்போதும் பதில் இருக்கும்.

"படகுக்குச் சளி பிடிச்சிருக்கு பெரியப்பா."

அவர் சிரிக்கவில்லை. பெரியப்பா சிரிக்கவில்லை என்றால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

பெரிதுதான். சித்தப்பாவுக்குப் பெண் பார்த்திருந்தது மாயாபந்தரில். வியாழக்கிழமை காலை மாப்பிள்ளை வீட்டார் இருபத்திரண்டு பேர், வாழைத்தார், தேங்காய், சீர்த்தட்டுகள் எல்லாம் எங்கள் படகில் ஏற வேண்டும். வெள்ளிக்கிழமை கல்யாணம். அந்த வாரம் அரசாங்கக் கப்பல் மாயாபந்தர் பக்கம் போகிற நாள் சனிக்கிழமை. சனிக்கிழமை போனால் மாப்பிள்ளை தன் கல்யாணத்தைத் தவறவிட்டவராகத்தான் போய் இறங்குவார். வாடகைக்குப் பிடிக்கலாமென்றால், அந்த நீளக் கடலுக்குத் தாங்குகிற படகு ஊரில் எங்களுடையது ஒன்றுதான். பழைய வேன் ஒன்றிலிருந்து கழற்றிய டீசல் இன்ஜினைப் பூட்டிய ஃபைபர் படகு. மற்றவர்களுடைய டுங்கி என்கிற சின்னப் படகுகளைவிட இரண்டு மடங்கு நீளம். அதைப் பற்றிப் பேசும்போது பெரியப்பா கப்பல் என்றே சொல்வார். நாங்களும் திருத்துவதில்லை.

சித்தப்பா மின்சாரத் துறையில் லைன்மேன். முப்பதடிக் கம்பத்தில் காற்றடிக்கும்போது ஏறுகிறவர். ஒட்டுகிற தண்ணீர் என்று கேள்விப்பட்டதும் படகு கட்டுகிற துறைக்கு, அதாவது ஜெட்டிக்கு ஓடி வந்து, பலகையைத் தூக்கிப் பார்த்து, அங்கேயே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே, நான் கரண்டு வேலைக்காரன். எனக்கு ஒரே ஒண்ணு சொல்லு. போயிருமா, போகாதா?"

"போயிரும்டா. என்னன்னு தெரிஞ்சிட்டா போயிரும்."

என்னவென்றுதான் தெரியவில்லை. டீசல் என்றால் நாற வேண்டும், நாறவில்லை. இன்ஜின் ஆயில் என்றால் கறுப்பாக இருக்க வேண்டும், இல்லை. என் அப்பா வனத்துறை அலுவலகத்தில் கிளார்க். மரத்தைப் பற்றிய எல்லாமே தன் இலாகா என்று நினைப்பவர். அடியில் கிடக்கிற பலகையிலிருந்து பிசின் வடிகிறது என்றார். அந்தப் பலகை பதினைந்து வருடம் கடல் தண்ணீரில் ஊறிய பலகை என்று பெரியப்பா சொன்னதும், அது தாமதமாக வடிகிற ஜாதியாக இருக்கும் என்று சொல்லிவிட்டு அலுவலகத்துக்குக் கிளம்பினார். அன்று ஞாயிற்றுக்கிழமை என்பது பாதி வழியில்தான் அவருக்கு நினைவுக்கு வந்தது.

இதற்கு நடுவில் யாருக்கும் தெரியாமல் நான் ஒரு காரியம் செய்தேன். விரலால் அதைத் தொட்டு நக்கிப் பார்த்தேன். கொஞ்சம் உப்பு, கொஞ்சம் டீசல், அதற்குப் பின்னால் லேசாக ஓர் இனிப்பு. மோசமில்லை. இன்னொரு தரமும் நக்கினேன்.

மறுநாள் காலை இன்ஜின் மிஸ்திரி வந்தார். வங்காளி. தீவிலேயே பிறந்து வளர்ந்தவர் என்பதால் ஹிந்தியும் தமிழும் கலந்த ஒரு பாஷை பேசுவார். ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். வங்காள மொழியில் அதற்குச் சித்தப்பா என்று அர்த்தமாம். "காக்கா வந்திருக்கு" என்று நான் வீட்டுக்குள் குரல் கொடுத்தால் அம்மா முறத்தில் காயும் மிளகாயைக் காப்பாற்ற வாசலுக்கு ஓடி வருவாள். அவர் நின்றுகொண்டு சிரிப்பார்.

காக்கா அடியில் இறங்கினார். தொட்டார், முகர்ந்தார், வெயிலில் பிடித்தார். கடைசியில் நான் செய்ததையே செய்தார். நக்கினார். அடுத்த நொடி முகம் மாறி, கடல் பக்கம் திரும்பி மூன்று தரம் துப்பினார்.

"அரே, யே தோ மீட்டா ஹை! இனிக்குது அண்ணா, இனிக்குது! கூலன்ட். இன்ஜினைக் குளுமையா வைக்க ஊத்தறோமே, அதுதான் இனிக்கும். அது ஒழுகாம அடைச்சு வைக்கிற ஹெட் கேஸ்கெட் போச்சு. இன்ஜினைத் திறக்கணும்."

"திறந்தா?"

"சாமான் போர்ட் பிளேர்ல இருந்து வரணும். பத்து நாள்."

சித்தப்பா ஜெட்டியின் கைப்பிடிக் குழாயைப் பிடித்துக்கொண்டார்.

காக்கா வாயைக் கொப்பளித்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். "பச்சாங்களை, பிள்ளைங்களைக் கிட்ட விடாதீங்க. ஜஹர். விஷம் அது. நாய் நக்கினா நாய் செத்துப் போகும்."

நான் இரண்டு தரம் நக்கியிருந்தேன்.

அன்று மாலை முழுவதும் நான் சாகக் காத்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அம்மா அடிப்பாள். சாகப்போகிற நேரத்தில் அடி எதற்கு என்று தோன்றியது. கல்யாணத்துக்குத் தைத்த பச்சைப் பாவாடையை ஒருதரம் எடுத்துக் கட்டிப் பார்த்துவிட்டு மடித்து வைத்தேன். தம்பியைக் கூப்பிட்டு என் கலர் பென்சில் டப்பாவை அவனுக்கே வைத்துக்கொள்ளச் சொன்னேன். அவன் சந்தேகத்தோடு வாங்கிக்கொண்டு, எதை உடைத்தாய் என்று கேட்டான். ராத்திரிச் சாப்பாட்டில் இரண்டு தோசை அதிகம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் உயிரோடு எழுந்தபோது எனக்கே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. பென்சில் டப்பா திரும்பி வரவில்லை.

செவ்வாய்க்கிழமை பெரியப்பா ஒரு முடிவுக்கு வந்திருந்தார். "இன்ஜினைத் திறக்கிறதுக்கு முந்தி ஒரு நாள் குடு. கூலன்ட் டேங்கைத் திறந்து பாத்தேன். கழுத்து வரைக்கும் நிக்குது. ஒழுகினா குறையணுமா இல்லையா?"

"உள்ளே காத்து போயிருக்கும் அண்ணா. நிறைஞ்ச மாதிரி காட்டும்" என்றார் காக்கா. ஒருதரம் சொன்னதை மாற்றிச் சொல்லும் பழக்கம் அவரிடம் கிடையாது.

"சரி. ஒழுகறது எங்கேருந்துன்னு கண்ணால பாத்துருவோம்."

அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். தண்டு இறங்கும் இடத்தில் கந்தலை இறுக்கச் சுற்றிச் சொட்டை நிறுத்திவிட்டு, அடிவயிறு முழுவதையும் இறைத்து, சோப்புப் போட்டுக் கழுவி, பழைய வேட்டியால் துடைத்துக் காயவைப்பது. காய்ந்ததும் மாவு தூவுவது. எந்தப் பக்கத்திலிருந்து ஈரம் வருகிறதோ அந்தப் பக்கத்தில் மாவில் கோடு விழும். அரிசி மாவு தூவினால் கொழகொழத்துவிடும் என்று அம்மா சொன்னாள். சுண்ணாம்பு கண்ணில் படும் என்றார் அப்பா. கடைசியில் எல்லோர் பார்வையும் ஒரே இடத்தில் போய் நின்றது. சித்தப்பா கல்யாணத்துக்கென்று வாங்கி வைத்திருந்த முகப்பவுடர், பெரிய டப்பா, இரண்டு.

"அண்ணே, அது ரோஜா வாசனை அண்ணே."

"மாப்பிள்ளை போய்ச் சேர்ந்தாத்தானேடா மூஞ்சியில பூசணும்."

ஒல்லி என்பதால் தூவுகிற வேலை எனக்கு வந்தது. இன்ஜினுக்கு அடியில், குறுக்குச் சட்டங்களுக்கு நடுவில், கை போகிற இடமெல்லாம் ஊர்ந்து ஊர்ந்து தூவினேன். வெளியே வந்தபோது முழு வெள்ளையாக இருந்தேன். தும்மல் நிற்கவில்லை. எங்கள் படகு அன்றைக்கு ஜெட்டி முழுக்க ரோஜாவாக மணத்தது. பக்கத்து டுங்கிக்காரர் இறங்கி வந்து, கல்யாணம் படகுக்கா தம்பிக்கா என்று கேட்டுவிட்டுப் போனார்.

இங்கே பெரியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரியப்பா எவ்வளவு அகலமோ பெரியம்மா அவ்வளவு உயரம். ஒல்லியாக, நீளமாக, வேகமாக இருப்பாள். வீட்டில் தையல் மிஷின் வைத்திருந்தாள். ஊர்ப் பெண்களின் ரவிக்கையெல்லாம் அவள் தைத்ததுதான். வாரத்துக்கு ஒருமுறை பெரியப்பாவோடு படகில் ரங்கத் பஜாருக்குப் போய் நூலும் துணியும் வாங்கி வருவாள். படகை ஓட்டுவது அவர், கூட்டித் துடைத்து அடுக்கி வைப்பது இவள்.

இந்தக் கதை நடப்பதற்கு மூன்று வருடம் முன்பு பெரியப்பாவுக்குச் சர்க்கரை வியாதி என்று போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கப்பலிலிருந்து இறங்கியவுடனே பெரியம்மா ஜெட்டியிலேயே அறிவித்தாள். "இனிமே நம்ம வீட்டுக்குள்ள இனிப்பு வராது. அவருக்கு இல்லாதது எனக்கும் வேண்டாம்." அன்றிலிருந்து அவள் இனிப்பைத் தொட்டு யாரும் பார்த்ததில்லை. துர்கா பூஜைக்கு வங்காளிப் பெண்கள் தட்டு நீட்டினால் கைகூப்பி மறுத்துவிடுவாள். கல்யாண வீடுகளில் இலையில் விழுந்த லட்டை அப்படியே குழந்தைகளிடம் கொடுத்துவிடுவாள். ஊரே அவளைப் பற்றிப் பேசியது. "மதினியைப் பாரு" என்று அப்பா அம்மாவிடம் சொல்வார். "முதல்ல உங்களுக்குச் சர்க்கரை வரட்டும், அப்புறம் பாக்கலாம்" என்பாள் அம்மா.

எங்களுக்குத்தான் கஷ்டம். டீக்குப் போடுகிற சர்க்கரை பூட்டிய டப்பாவில் இருந்தது. ஒரு கரண்டி இனிப்பு டப்பாப் பாலைத் திருடித் தின்றதற்காகப் பெரியம்மாவிடம் மாட்டி அரை மணி நேரம் முழங்காலில் நின்றவள் நான். "பெரியப்பா பாத்தா அவருக்கு ஆசை வருமா வராதா?" என்று கேட்டுக் கேட்டு நிற்க வைத்தாள்.

புதன்கிழமை காலை எல்லோரும் படகில் கூடினோம். பெரியப்பா பலகையைத் தூக்கினார். வெள்ளைப் பவுடரின் நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு ஈரக்கோடு ஓடியிருந்தது. ஆனால் அது இன்ஜினிலிருந்து வரவில்லை. இன்ஜினுக்கு அடியில் பவுடர் போட்டது போட்டபடி இருந்தது. கோடு எதிர்ப்பக்கத்திலிருந்து, படகின் மூக்குப் பக்கமாக, அணியத்திலிருந்து வந்தது.

"பாத்தியா!" என்றார் பெரியப்பா.

காக்கா தலையைச் சாய்த்துப் பார்த்தார். "படகு ஆடும்போது முன்னாடி போய்ட்டுத் திரும்பி வந்திருக்கும்."

"போன தடம் எங்கே? வந்த தடம் மட்டும்தானே இருக்கு?"

காக்கா பீடியைத் தேடினார். அணியத்தில் இன்ஜினும் கிடையாது, குழாயும் கிடையாது. பலகைத் தடுப்புக்குப் பின்னால் நங்கூரக் கயிறும் மிதவைச் சட்டைகளும் வைக்கிற சின்ன அறை ஒன்றுதான் உண்டு. அதற்கு ஒரு சதுரக் கதவு. அந்தக் கதவுக்குள் பெரியப்பாவின் தோள்கூட நுழையாது.

அப்போது ஜெட்டியில் டிஃபன் கேரியரோடு நின்றிருந்த பெரியம்மா அவசரமாகச் சொன்னாள். "அங்க ஒண்ணும் இல்ல. முன்பக்கத்தை நான்தானே அடுக்குறேன். நேத்துகூடப் பாத்தேன். வெறும் கயிறு."

"இருக்கட்டும், ஒருதரம் பாத்துருவோம் மதினி" என்றார் சித்தப்பா.

"எதுக்கு? மாப்பிள்ளை படகுல தலைய விட்டுக்கிட்டு இருந்தா நாளைக்கு என்னத்தைக் கட்டிக்கிட்டுப் போறது? வேட்டிக்கு இன்னும் கஞ்சி போடல. நல்லா கடல் தண்ணி ஊத்திக் கழுவி விடுங்க. எல்லாம் போயிரும்."

வீட்டில் ஒரு எறும்பு தெரிந்தால் மூன்று அறையையும் காலி செய்து கழுவுகிறவள் இப்படிப் பேசியது எனக்கு வினோதமாக இருந்தது. எறும்பு என்று சொன்னேனே, நான் பார்த்ததும் எறும்பைத்தான். குப்புறப் படுத்து ஈரக்கோட்டை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, அதன் ஓரமாகப் பவுடரில் இன்னொரு மெல்லிய கோடு தெரிந்தது. ஊசியால் குத்திக் குத்திப் போட்ட மாதிரி புள்ளிகள். பார்த்துக்கொண்டே இருக்கும்போது அதன்மேல் ஒரு சிவப்பெறும்பு நடந்து வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு வரிசையாகப் பத்து. எல்லாவற்றின் காலும் வெள்ளையாக இருந்தது. ஜெட்டியில் கட்டிய கயிறு வழியாகப் படகில் ஏறி, நேராக அணியத்துக்குள் போய்க்கொண்டிருந்தன.

"பெரியப்பா, எறும்புங்க உள்ள போகுது!"

"படகுல எறும்புக்கு என்னடி வேலை?"

சொல்லி முடிப்பதற்குள் நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு சதுரக் கதவுக்குள் நுழைந்துவிட்டேன். "ஏய், உள்ள போகாதே!" என்று பெரியம்மா கத்தியது கேட்டது. பூச்சி கடித்துவிடும் என்று பயப்படுகிறாள் என்று நினைத்தேன். கயிற்றுச் சுருளைத் தாண்டி, மிதவைச் சட்டைகளைத் தள்ளி, மடித்த தார்ப்பாயைத் தூக்கினேன். அதற்குப் பின்னால், கையை நீட்டினால்தான் எட்டுகிற மூலையில், எறும்புகள் மொய்க்க நான்கு டப்பாக்கள் அடுக்காக உட்கார்ந்திருந்தன. அடியில் இருந்த டப்பாவின் தகரம் உப்புக்காற்றில் துருப்பிடித்துப் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழுந்திருந்தது. அதிலிருந்து பழுப்பு மஞ்சளாக ஒன்று மெதுவாக, நிதானமாக வடிந்துகொண்டிருந்தது. டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனேன். டப்பாவின்மேல் படம் தெரிந்தது.

அந்த நேரத்தில் எனக்கு முதலில் தோன்றியது கல்யாணமும் இல்லை, படகும் இல்லை. நான் சாகப்போவதில்லை என்பதுதான்.

"குலாப் ஜாமூன்!" என்று உள்ளேயிருந்தே அலறினேன். "விஷம் இல்ல! குலாப் ஜாமூன்!"

டப்பாக்களை ஒவ்வொன்றாக வெளியே நீட்டினேன். காக்கா வாங்கினார். முதல் டப்பா திறந்து பாதி காலியாக இருந்தது. வாயை ஒரு துணியால் மூடி நூலால் இறுக்கக் கட்டியிருந்தது. அவிழ்த்து எட்டிப் பார்த்தார். பாகில் ஐந்தாறு ஜாமூன்கள் மிதந்தன. தானே கண்டுபிடித்த கேஸ்கெட்டை அவர் ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "அரே பாப் ரே! பத்து நாள் இன்ஜினைத் திறந்திருப்பேனே!"

சித்தப்பா அதைவிட மோசம். இன்ஜினைக் கட்டிக்கொண்டு கூலன்ட் டேங்குக்கு முத்தம் கொடுத்தார். பிறகு என்னைத் தூக்கினார். பவுடரும் பாகும் எறும்பும் அவர் சட்டையெல்லாம் ஆயின. ஜெட்டியிலிருந்து அம்மா கைதட்டினாள். அப்பா, பிசின் மாதிரிதானே இருந்தது, நான் ரொம்பத் தப்பில்லையே என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

சத்தம் அடங்கியபோதுதான் அடுத்த கேள்வி எல்லோர் முகத்திலும் வந்து நின்றது. இது யாருடையது?

பெரியம்மா டிஃபன் கேரியரை மார்போடு அணைத்துக்கொண்டு கடலைப் பார்த்து நின்றாள். காதுமடல் சிவந்திருந்தது. பெரியப்பா அவளைப் பார்த்தார். டப்பா வாயில் கட்டியிருந்த துணியைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"என்னோடதுதான்" என்றார்.

"அண்ணே!" என்றார் அப்பா.

"என்னடா அண்ணே? மூணு வருஷமா ஒரு வாய் இனிப்பு இல்ல. ஆசை வராதா மனுஷனுக்கு? ரெண்டு டப்பா வாங்கி வச்சேன்."

"நாலு இருக்கு அண்ணா" என்றார் காக்கா.

"ரெண்டோ நாலோ. வாங்கி வச்சேன்."

"நீங்க எப்படி அண்ணா இந்தக் கதவுக்குள்ள…" என்று காக்கா ஆரம்பித்தார். அப்பா அவர் காலை மிதித்தார்.

"வயித்தை எக்கிக்கிட்டுப் போனேன்" என்றார் பெரியப்பா கம்பீரமாக.

நான் பெரியம்மாவைப் பார்த்தேன். இப்போது வெடிக்கும் என்று காத்திருந்தேன். ஒரு கரண்டி டப்பாப் பாலுக்கு அரை மணி என்றால் நான்கு டப்பா ஜாமூனுக்கு எத்தனை மணி நேரம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். கல்யாணத்துக்கும் அவர் முழங்காலில்தான் வர வேண்டியிருக்கும். ஆனால் பெரியம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குக் கோபமாக வந்தது. அவளுக்கு இன்னும் முழு அக்கிரமமும் தெரியவில்லை, அதனால்தான் சும்மா இருக்கிறாள் என்று நினைத்தேன். டப்பாவில் கட்டியிருந்த துணியை எடுத்து உயரப் பிடித்துக் காட்டினேன்.

"பெரியம்மா, இங்க பாருங்க! உங்க ரவிக்கைத் துணி! உங்க தையல் பெட்டியிலேருந்து இதையும் திருடியிருக்காரு!"

அம்மா படகுக்குள் குதித்து என் வாயைப் பொத்தினாள். இன்னொரு கையால் தன் வாயையும் பொத்திக்கொண்டாள். அப்பா இன்ஜின் பக்கம் திரும்பி நின்று எதையோ உற்றுப் பார்த்தார். காக்காவுக்குப் பீடிப் புகை புரையேறிவிட்டது. பெரியப்பா மட்டும் என்னைப் பார்த்துத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "ஆமாம், அதையும் திருடிட்டேன்" என்றார்.

பெரியம்மா கேரியரை ஜெட்டியில் வைத்தாள். "சாப்பாடு ஆறிப் போகும், சாப்பிட வாங்க" என்று சொல்லிவிட்டு வேகமாக வீட்டைப் பார்த்து நடந்தாள். அவள் குரல் அவ்வளவு மெதுவாக வந்து நான் கேட்டதே இல்லை.

எங்கள் ஊர் சின்ன ஊர். மத்தியானத்துக்குள் பெரியப்பாவின் திருட்டு ஊர் முழுக்கப் பரவிவிட்டது. டீக்கடைக்காரர் அவர் கேட்காமலே சர்க்கரை இல்லாத டீயை நீட்டினார். மளிகைக்கடைப் பெண் அவரைக் கண்டதும் மிட்டாய் ஜாடியை உள்ளே நகர்த்தி வைத்தாள். ஆஸ்பத்திரி கம்பவுண்டர் வீடு தேடி வந்து விரலில் குத்தி ரத்தம் பார்த்தார். சர்க்கரை எப்போதையும்விடக் குறைவாக இருந்தது. கருவி பழுதாகிவிட்டது என்று சொல்லிவிட்டு இன்னொரு விரலில் குத்தினார். இரண்டு விரலையும் வாயில் வைத்துக்கொண்டு பெரியப்பா சிரித்த முகமாகவே இருந்தார். மனசாட்சி இல்லாத மனிதர் என்று நான் முடிவு செய்தேன்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குப் படகு கிளம்பியது. அணியத்தில் மாவிலைத் தோரணம், பின்னால் ஸ்பீக்கரில் நாதஸ்வரம், நடுவில் வாழைத்தாருக்குப் பக்கத்தில் சித்தப்பா. தை மாதத்துக் கடல் எண்ணெய் தடவிய மாதிரி கிடந்தது. காக்கா எங்களோடு வந்தார், வாழ்க்கையில் முதல்முறையாகத் தமிழ்க்கட்டு வேட்டியில். காற்றடித்தபோதெல்லாம் ஒரு கை இன்ஜினிலும் ஒரு கை இடுப்பிலுமாக நின்றார். வழியில் டால்பின்கள் கொஞ்ச தூரம் கூடவே வந்தன. அவையும் மாப்பிள்ளை வீட்டார்தான் என்று பெரியப்பா சொன்னார். இன்ஜின் ஒருதரம்கூட இருமவில்லை. எவ்வளவு கழுவியும் படகிலிருந்து ரோஜா வாசனை மட்டும் போகவில்லை. மாயாபந்தர் ஜெட்டியில் பன்னீர்ச் செம்போடு காத்திருந்த பெண் வீட்டார், முதலில் படகை முகர்ந்து பார்த்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கல்யாணம் நன்றாக நடந்தது. பவுடர் இல்லாமலே சித்தப்பா முகம் பளபளத்தது. தாலி கட்டி முடிந்ததும் பந்தி. மாப்பிள்ளைக்கு அப்பா அம்மா ஸ்தானத்தில் இருந்தவர்கள் என்பதால் பெரியப்பாவையும் பெரியம்மாவையும் முதல் வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். பெரியப்பாவுக்கு இந்தப் பக்கம் நான். ஜாங்கிரி வாளியோடு வந்த பையன் எனக்கு வைத்தான். பெரியப்பாவைப் பார்த்ததும் இலையைத் தாண்டினான். சேதி எங்களுக்கு முன்பே மாயாபந்தர் வந்து சேர்ந்திருந்தது.

"வை தம்பி" என்றார் பெரியப்பா.

பையன் தயங்கினான். பந்தியே திரும்பிப் பார்த்தது.

"வைங்கறேன்ல. ரெண்டா வை."

பையன் பயந்துபோய் ஒன்றை மட்டும் வைத்தான். பெரியப்பா அந்த ஜாங்கிரியை எடுத்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அதைப் பெரியம்மாவின் இலையில் வைத்தார்.

"எனக்குத்தான் சீக்கு. உனக்கு என்ன? மூணு வருஷம் போதும். சாப்பிடு."

பெரியம்மா நிமிரவில்லை. பிறகு ஒரு துண்டு ஒடித்து வாயில் வைத்தாள். இன்னொரு துண்டு. கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டே முழுவதையும் தின்றாள். மிச்சமில்லாமல், விரலில் ஒட்டியிருந்த பாகு உட்பட. பெரியப்பா தன் சாப்பாட்டைத் தொடாமல் அவள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது நான் கார் நிக்கோபாரில் நர்ஸாக இருக்கிறேன். விரல்களில் குத்திச் சர்க்கரை பார்ப்பது என் தினசரி வேலைகளில் ஒன்று. அன்றைக்குப் பந்தியில் உட்கார்ந்திருந்த சிறுமிக்கோ எல்லாம் தலைகீழாகத்தான் தெரிந்தது. பெரியம்மா அழுவது, மூன்று வருட விரதம் போயிற்றே என்றுதான். தன் விரதத்தைவிட அவர் உடம்பு பெரிது என்று, இனிப்பு அவர் வாய்க்குப் போய்விடாமல் தானே தின்று தீர்க்கிறாள். எப்பேர்ப்பட்ட கண்டிப்பு! திருட்டுப் பெரியப்பாவைத் தனியாளாக எத்தனை நாள்தான் காவல் காப்பாள் பாவம் என்று எனக்கு மனம் இளகிவிட்டது.

பையன் வாளியோடு திரும்பி வந்தான். பெரியப்பா அவனிடம் கண்ணைக் காட்டினார். இன்னொரு ஜாங்கிரி அவர் இலையில் விழுந்தது. அவர் கையை நீட்டினார். பெரியம்மாவின் கையும் லேசாக அசைந்தது. அவர்கள் இரண்டு பேரையும் முந்திக்கொண்டு நான் அதை எடுத்து முழுசாக என் வாய்க்குள் திணித்துக்கொண்டேன்.

பெரியம்மாவுக்கு நான் செய்த முதல் பேருதவி அது. வாய் கொள்ளாத ஜாங்கிரியோடு அவளைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தேன். அவர்கள் இருவரும் என்னை ஏன் அப்படிப் பார்த்தார்கள் என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை.